ஆறு செக்கன்

பாசையூரில் கூத்து.
கச்சேரியடியில், மாடி அறையில், கதவைச் சாத்திவிட்டு
நான் அதைக் கலக்கிக்கொண்டிருக்கிறேன்.

பன்னிரண்டு மைக். பன்னிரண்டு பச்சைக் கோடு.
மேடையடியில் அனிஸ்ரன் வயரெல்லாம் இழுத்துப்
பெட்டியில் செருகிவிட்டான். மிச்சம் என் விரல் நுனியில்.
தொடாமலே மத்தளத்தைத் தணிக்கிறேன்.
இரண்டாயிரத்து ஐந்நூறு ஹேர்ட்ஸில்
நகக்கண் அளவு வழித்தெடுக்க
ஆர்மோனியம் கீச்சிடுவதை நிறுத்துகிறது.
சல்லரி மட்டும் சொல்வழி கேளாது.

"இஞ்ச வந்திருந்து செய்யலாமே தங்கச்சி"
என்றார் கமிற்றிக்காரர்.
அங்கே இருந்தால் மத்தளம் நெஞ்சாங்கூட்டில் இடிக்கும்,
பாதி ஓசையை உடம்பே சேர்த்துக்கொள்ளும்.
ஒஸ்லோவில் போனைத் தலையணையில் சாய்த்துவைத்துப் பார்ப்பவருக்கு
அந்த இடி இல்லை.
அவருக்காக நானும் அது இல்லாமல் கேட்கவேண்டும்.

ஹெட்போனைக் கழற்றினால் இன்னொரு கூத்து.
யன்னலால், சோளகத்தோடு, கோயில் லவுட்ஸ்பீக்கர்.
இரண்டு கிலோமீற்றர். ஆறு செக்கன்.
வயரால் வந்த அடி விழுந்து முடிந்தபின்
காற்றால் அதே அடி நடந்து வரும்,
பஸ்ஸைத் தவறவிட்டவர்போல.
ஒஸ்லோவுக்கு முப்பது செக்கன்.
இங்கே ராசா முடிசூடி இறங்கிவிடுவார்,
அங்கே மந்திரி இன்னும் முடியைத் தேடிக்கொண்டிருப்பார்.

பத்தேகாலுக்கு அனிஸ்ரன் எழுதினான்:
"அக்கா, ஏழு இரையுது."
ஏழாவது, ராசாவின் நெஞ்சில் குத்திய மைக்.
ராசா இன்னும் திரைக்குப் பின்னால்.
ஃபேடர் கீழே, ஊருக்குக் கேட்காது.
இரைச்சலைத் தேட, எனக்கு மட்டும் திறந்தேன்.

சரிகை உரசியது. யாரோ இருமினார்கள்.
பிறகு போனில், அடிக்குரலில்:
"இன்னும் கரைக்கு வரேல்லையே?
மற்ற வள்ளமெல்லாம் வந்திட்டுதாம்.
மண்டைதீவுப் பக்கம் வெளிச்சம் ஏதும் தெரியுதோ பார்.
டெரன்ஸ் எடுத்தானெண்டால் உடன அடி.
நான் பாடிக்கொண்டு நிண்டாலும் அடி."

மூடினேன்.
மூடியபின்னும் கொஞ்சநேரம் கேட்டுக்கொண்டிருந்தது.

இரைச்சலின் காரணம் விளங்கியது:
இடுப்புப் பட்டியில், மைக் பெட்டிக்குப் பக்கத்தில்
பழைய பட்டன் போன்.
அனிஸ்ரனுக்கு எழுதினேன்:
"போனைக் கழற்றி வைக்கச் சொல்லு."
அனுப்பவில்லை. அழித்தேன்.
"பரவாயில்லை, இரையட்டும். நான் பாக்கிறன்."

பார்த்தேன்.
அவர் மூச்செடுக்கும் கணத்தில் திறந்து
வரி முடிய மூடி
மூச்செடுக்கும் கணத்தில் திறந்து.
நாற்பது நிமிடம் என் வலக்கை
அவருடைய சுவாசப்பைக்கு வாசல் காத்தது.
எதிரியின் கோட்டையை உடை என்று ராசா பாடினார்,
மரவாளைச் சுழற்றினார்.
ஊரில் ஒருவருக்கும் எதுவும் இரையவில்லை.

பதினொன்றுக்குக் கொஞ்சம் முன்னம்,
ஒரு வரியின் நடுவில்,
குரலுக்கு அடியில் தத்தித் தத்தி ஒரு இர்ர்ர்.
போன் அடிக்கிறது.
அவருக்கும் எனக்கும் மட்டும் தெரியும்.

வரியை விடவில்லை மனிசன். முடித்தார்.
பிற்பாட்டுக்காரர் பிடித்துக்கொள்ள, திரும்பி நின்றார்.
ஊருக்கு மூடினேன்.
எனக்கும் திறக்கவில்லை.
திரையில் ஏழாவது கோடு மட்டும்
சத்தமில்லாமல் எழும்பி எழும்பி விழுந்தது.
பச்சைக் கோட்டின் உயரத்தில் என்ன தெரியும்,
அழுகையும் ஒரே அளவுதான், சிரிப்பும் ஒரே அளவுதான்.

திரும்பினார். திறந்தேன்.
ஒத்திகை ஒன்றிலும் எடுக்காத ஒரு மேல்ஸ்தாயி,
கோடு சிவப்பைத் தொட்டு அங்கேயே நின்றது.
வெடித்துத்தான் போகும். தெரியும்.
நான் குறைக்கவில்லை.

ஹெட்போனைக் கழற்றி யன்னலைத் தள்ளித் திறந்தேன்.
ஒன்று, இரண்டு,
கண்டி வீதியில் ஒரு லொறி,
நாலு, ஐந்து.
வந்தது, என் கைபடாத அதே குரல்,
உப்புக் காற்றோடு, முழுசாக.

ஒஸ்லோவில்
அந்தப் போன் இன்னும் அடிக்கவில்லை.